சுமை ஆடும்போது

ரோன்னே துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம்
கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவள் நான்.
காற்றில் ஆடும் பத்து டன் கருங்கல்லைக்
கப்பலின் வயிற்றுக்குள்
முட்டை வைப்பதுபோல் வைத்திருக்கிறேன்.
இங்கே
ஒரு கிலோ களிமண்
என்னை மதிக்க மாட்டேன் என்கிறது.

பழைய மீன் புகைக்கூடம் இது.
சுவரை நாலு தரம் வெள்ளையடித்தும்
ஹெர்ரிங் வாடை போகவில்லை.
வியாழக்கிழமை, மாலை ஆறு.
ஜனவரி இருட்டு நாலு மணிக்கே வந்து
ஜன்னலை அடைத்துவிட்டது.
எட்டுச் சக்கரம், எட்டு முக்காலி,
எட்டு வாளிக் கலங்கல் தண்ணீர்.

எஸ்பென் பாடம் நடத்துகிறான்.
என் மகனைவிட நாலு வயது சின்னவன்.
காதில் வளையம், சட்டையெல்லாம் காய்ந்த சேறு.
"துரத்தாதீங்க டாக்னி, சும்மா இருங்க."
சும்மா இருப்பது எப்படி என்று
அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பேக்கரி இங்கர்லிசாவுக்கு
முதல் நாளே வந்துவிட்டது.
மாவு பிசைந்த கை, மண்ணும் கேட்டது.
வாய் வாழ்த்துச் சொன்னது,
வயிறு எரிந்தது.

இரண்டாம் வாரம் என் மண் பிய்த்துக்கொண்டு பறந்து
ஓய்வுபெற்ற தபால்காரர் மோன்ஸின் மடியில் விழுந்தது.
"தபால்தலை ஒட்டலியே" என்று திருப்பிக் கொடுத்தார்.

மூன்று. நான்கு. ஐந்து.
மண் இடப்பக்கம் துருத்தும்,
என் கையும் இடப்பக்கம் போகும்.
வலப்பக்கம் துருத்தும், அங்கேயும் போகும்.
நான் போய்ச் சேர்வதற்குள்
அது இன்னொரு சுற்றில் இருக்கும்.

ஆறாம் வாரம் கடைசிப் பேருந்தில்
நகக்கண்ணில் மண்ணோடு உட்கார்ந்திருந்தபோதுதான்
உறைத்தது.
கிரேனில் சுமை ஆடினால்
அது போகும் பக்கமே நாமும் போக வேண்டும்.
அதன் தலைக்கு நேர் மேலே போய் நின்றால்
ஆட்டம் அடங்கிவிடும்.
எதிர்த்து இழுத்தவன் ஆளைக் கொன்றிருக்கிறான்.
முப்பத்தொரு வருடமாய்
என் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் பாடம் அது:
ஆடுவதைக் கண்டால் பின்னாலேயே போ.

என் முதல் புருஷனின் குடியையும்
அப்படித்தான் கையாண்டேன், பதினொரு வருடம்.
அவன் சாய்ந்த பக்கமெல்லாம் போய் நின்றேன்.
அவன் அடங்கவில்லை.

ஏழாவது வியாழன்.
இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றினேன்.
வெளியே மேல்காற்று.
அலைதாங்கிச் சுவரில் கடல் மோதிக்கொண்டிருந்தது.
அந்தச் சுவரை எனக்குத் தெரியும்.
அலை வந்தால் எட்டிப் பார்க்காது,
போனால் கூடப் போகாது.

மண் வந்து இடித்தது.
இடித்தது.
இடித்தது, கொஞ்சம் குறைவாக.
கூம்பாக ஏற்றினேன், இறக்கினேன்,
தண்ணீர் தொட்டு மறுபடி ஏற்றினேன்.
எந்தச் சுற்றில் என்று தெரியாது,
இடி நின்றுபோயிருந்தது.
கைக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது,
எங்கும் போகாமல்.
பம்பரம் தூங்குது என்பார்களே பிள்ளைகள்,
அப்படித் தூங்கியது.

"இனி கட்டைவிரலை நடுவுல இறக்குங்க,
குழி விழட்டும்" என்றான் எஸ்பென்.
மாட்டேன் என்றேன்.
ஒரு காப்பிக் கோப்பைக்காக
இதை ஏன் எழுப்ப வேண்டும்?
ஈரத்தின் மேல் குழல்விளக்கின் வெளிச்சம்
ஒரு கோடாய் அசையாமல் நின்றது.
இங்கர்லிசாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"ஓ, அதுவா" என்றாள்.
இந்த முறை வயிறு எரியவில்லை,
கொஞ்சம்தான் எரிந்தது.

ஒன்பது மணிக்குக் கம்பியால் அறுத்து
வாளியில் போட்டேன்.
அடுத்த வாரம் அது மறுபடி ஆடும்.
மோன்ஸ் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.
பேருந்து ஒன்பது பத்துக்கு.